சிரிப்பு வாயுவும் விரைவு வண்டியும்

அறிவியல் வரலாற்றைப் படிப்போர் ஓர் உண்மையை அடிக்கடி எதிர்கொள்வர். ஒரு பொருளைக் கண்டறிந்தவர் அதற்கு எண்ணிய பயன் ஒன்றாக இருக்கும். காலம் அதற்கு அளித்த வேலை முற்றிலும் வேறாக இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு இதற்குத் தக்க சான்றாகும். நிறமற்ற இவ்வாயு இங்கிலாந்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது; அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவரின் கையில் வலிநீக்கியாயிற்று; ஜெர்மானியப் போர் விமானங்களுக்கு உயர வானில் மூச்சளித்தது; இறுதியில் அமெரிக்க இளைஞர்களின் பிக்கப் டிரக்குகளில் வந்து குடிபுகுந்தது. ஏறத்தாழ 250 ஆண்டுக்கால வரலாறு இது.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஒன்று புலனாகும். இவ்வாயுவைக் கையாண்ட ஒவ்வொருவரும் முதலில் அதன் ஆற்றலைக் கண்டனர். அதன் அளவைப் பின்னரே கற்றனர். இன்று ஒரு வண்டியில் நைட்ரஸ் அமைப்பைப் பொருத்துவோர் கைக்கொள்ளும் பாதுகாப்பு விதிகள் யாவும் அவ்வாறு கற்ற பாடங்களின் தொகுப்பேயாகும். அவ்விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தவன் அவற்றை மீறத் துணியான்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த வாயு

1772ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் இவ்வாயுவை முதன்முதலாக உருவாக்கினார். இதனுள் மெழுகுவத்தியின் சுடர் மிகுந்து எரிந்தது. ஆனால் உயிரினங்கள் இதனுள் வாழ இயலவில்லை. எரிவதற்குத் துணை நிற்கும். உயிர் வாழ்வதற்குத் துணை நில்லாது. இவ்விரண்டு பண்புகளையும் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னாளில் இவ்வாயு தந்த நன்மையும் தீமையும் இவற்றின் விளைவுகளே.

1799ஆம் ஆண்டில், இருபது வயதே நிரம்பியிருந்த ஹம்ப்ரி டேவி, பிரிஸ்டல் நகரில் இயங்கிய வாயு மருத்துவ நிலையத்தில் இதனைத் தாமே உட்கொண்டு ஆராய்ந்தார். இதனை முகர்ந்தோர் காரணமின்றிச் சிரித்ததனால் 'சிரிப்பு வாயு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. உடல் வலியைத் தணிக்கும் இவ்வாயு அறுவை மருத்துவத்திற்குப் பயன்படக்கூடும் என்று 1800ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் டேவி குறித்தார். எனினும் அக்குறிப்பைப் பின்பற்ற நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் எவரும் முன்வரவில்லை. அதுவரை அது செல்வர் கூடும் விருந்துகளில் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது.

டேவியின் உதவியாளராகத் தொடங்கிப் பேரறிஞராக உயர்ந்த மைக்கேல் பாரடே, 1823ஆம் ஆண்டில் இவ்வாயுவை அழுத்தத்தால் நீர்மமாக்கிக் காட்டினார். வாயுவை நீர்மமாக்கினாலன்றிப் பெருமளவை ஒரு சிறு கலனில் அடைக்க முடியாது. பின்னாளில் வண்டியின் பின்புறத்தில் அமர்ந்த வாயுத் தோம்பின் மூதாதை பாரடேயின் கண்ணாடிக் குழாயே எனலாம்.

1844ஆம் ஆண்டு டிசம்பரில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் இவ்வாயுவின் வேடிக்கைக் காட்சி ஒன்றைக் கண்டார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியுணரவில்லை. மறுநாளே வெல்ஸ் தாமே வாயுவை முகர்ந்து, தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார்; வலி தோன்றவில்லை. ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகர மருத்துவர் முன் அவர் நடத்திய செயல்விளக்கம் தோல்வியுற்றது. வாயுப் பை உரிய நேரத்திற்கு முன்பே அகற்றப்பட்டமையால் நோயாளி கூவினார்; கூடியிருந்தோர் எள்ளினர். வாயுவில் குறையில்லை, அளவில்தான் குறை. குறைந்தாலும் மிகுந்தாலும் பயன் கெடும் என்பது இவ்வாயுவின் வரலாற்றில் முதற்பாடமாக அமைந்தது.

வானில் ஏறிய வாயு

பெட்ரோல் இயந்திரம் என்பது காற்றை உள்ளிழுத்து, எரிபொருளோடு கலந்து எரித்து, அவ்வெப்பத்தால் பிஸ்டனைத் தள்ளும் கருவி. அதன் ஆற்றல் அது பெறும் எரிபொருளை மட்டும் பொறுத்ததன்று. அவ்வெரிபொருளை எரிக்கும் ஆக்சிஜனைப் பொறுத்தது. விமானம் உயர உயரக் காற்று நெகிழும், ஆக்சிஜன் குறையும், இயந்திரம் மூச்சுத் திணறும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் பொறியியலாளர் இக்குறையைப் போக்க நைட்ரஸ் ஆக்சைடை நாடினர். 'ஜிஎம்-1' எனப்பட்ட அவ்வமைப்பு மெசர்ஸ்மிட் 109 போன்ற விமானங்களில் பொருத்தப்பட்டது. நீர்ம வாயுவை இயந்திரத்தின் காற்று வழியிற் செலுத்தியபோது, மெல்லிய காற்றுள்ள உயரத்திலும் அது வலிமை பெற்றது. ஆயினும் அதற்கு விலையும் இருந்தது. கலனும் குழாய்களும் சுமையைக் கூட்டின. வாயு சில நிமிடங்களிலேயே தீர்ந்தது. தாழ்ந்த உயரத்தில் அதனால் பயனில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த விமானிக்கே அது துணையாயிற்று.

இங்கே அதன் வேதியியலைச் சுருக்கமாகக் காண்போம். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருளன்று. அது தானே எரிவதுமில்லை. திரைப்படங்கள் பரப்பிய இத்தவறான எண்ணத்தை மாணவர் களைதல் வேண்டும். காற்றின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடே ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடின் எடையிலோ 36 விழுக்காடு ஆக்சிஜன். ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அவ்வாறு பிரிகையில் தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. மேலும், −88 பாகையில் கொதிக்கும் அந்நீர்மம் உட்புகும் காற்றைக் குளிர்வித்துச் செறிவாக்குகிறது. ஆக, அது இயந்திரத்திற்கு அளிப்பது ஆக்சிஜன் ஒன்றே. கூடுதலான ஆக்சிஜனுக்கு ஈடான எரிபொருள் உடன் சேர்ந்தாலன்றி அது வரமாகாது, சாபமாகிவிடும்.

தரைக்கு இறங்கிய வாயு

போருக்குப் பின் அமெரிக்காவில், சிறப்பாகக் கலிபோர்னியாவில், பழைய வண்டிகளை வாங்கி இயந்திரத்தைத் திருத்தி விரைவோட்டம் நடத்தும் பழக்கம் இளைஞரிடையே பரவியது. பொதுச்சாலைகளில் நிகழ்ந்த ஓட்டங்களை ஒழுங்குபட்ட திடல்களுக்குக் கொண்டுவரும் நோக்குடன் 1951ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியது. நான்கிலொரு மைல் நீளமுள்ள நேர்பாதையில் இரு வண்டிகள் போட்டியிடும் பந்தயம் ஒரு முறையான விளையாட்டாயிற்று.

இவ்விளையாட்டில் நைட்ரஸ் வாயு நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. 1976ஆம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் முன்னணியில் நின்ற சிலரின் நேரங்கள் நீக்கப்பட்டபோது, இவ்வாயுவின் பெயர் நாளேடுகளில் அடிபட்டது. ஆனால் மறைபொருள் நெடுநாள் மறைந்திருப்பதில்லை. 1978ஆம் ஆண்டில் மைக் தெர்மோஸ், டேல் வஸ்னையன் என்னும் இருவர் தென் கலிபோர்னியாவில் 'நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். தோம்பு, குழாய், வால்வு, தெளிமுனை ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வந்தன. 'நாஸ்' என்னும் அதன் சுருக்கப் பெயரே மக்கள் வழக்கில் இவ்வாயுவின் பெயராகவும் நிலைத்தது.

அதே 1978ஆம் ஆண்டில் டாட்ஜ் நிறுவனம் 'லில் ரெட் எக்ஸ்பிரஸ்' என்னும் சிவப்பு நிறப் பிக்கப் டிரக்கை வெளியிட்டது. அந்நாளில் மகிழுந்துகளுக்கு விதிக்கப்பட்டிருந்த புகைக் கட்டுப்பாடுகள் சுமைவண்டிகள் சிலவற்றுக்குப் பொருந்தாமையால், மகிழுந்துகள் இழந்த விரைவு சுமைவண்டியிடம் சென்றது. பின்னர் 1990இல் செவர்லே 454 எஸ்எஸ், 1991இல் ஜிஎம்சி சைக்குளோன், 1993இல் போர்டு எஃப்-150 லைட்னிங் என விரைவுப் பிக்கப்புகள் வரிசையாகத் தோன்றின. மூட்டை சுமக்கப் பிறந்த வண்டி பந்தயத் திடலில் நின்றது. அதற்கு மேலும் விரைவு வேண்டியோர் நைட்ரஸ் அமைப்பை நாடினர்.

தேர்ந்தெடுக்கும் முறை

நைட்ரஸ் அமைப்புகள் பொதுவாக மூவகைப்படும். முதலாவது உலர்முறை. இதில் வாயு மட்டுமே காற்று வழியில் தெளிக்கப்படும். கூடுதல் எரிபொருளை வண்டியின் சொந்த எரிபொருள் தெளிப்பான்களே அளிக்க வேண்டும். இரண்டாவது ஈரமுறை. இதில் வாயுவும் பெட்ரோலும் ஒருங்கே தெளிக்கப்படும். மூன்றாவது நேர்வழி முறை. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே தெளிமுனை அமையும். இது பெரும்பாலும் பந்தயத்திற்கென்றே கட்டிய இயந்திரங்களுக்குரியது.

எம்முறையாயினும் அடிப்படை வினா ஒன்றே: சேரும் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் எங்கிருந்து வரும்? ஒரு பங்கு பெட்ரோல் முற்றாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை; நைட்ரஸ் ஆக்சைடாயின் ஏறத்தாழ 9.6 பங்கே போதும். ஆகவே வாயு நுழையும் கணத்தில் பெட்ரோலின் தேவை திடீரென உயர்கிறது. பழைய எரிபொருள் பம்பு அதனை ஈடுசெய்யாவிடில் கலவை மெலியும், வெப்பம் எல்லை கடக்கும், பிஸ்டன் உருகும். எனவே அமைப்பை வாங்குவதற்கு முன் பம்பின் ஆற்றலைச் சோதித்தல் அறிவுடைமை.

அடுத்து, எவ்வளவு ஆற்றலைக் கூட்டலாம் என்பது. உட்பாகங்கள் மாற்றப்படாத நல்ல இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளர் காட்டும் பொது அளவு வருமாறு: நான்கு சிலிண்டர் இயந்திரத்திற்கு 40 முதல் 60 குதிரைத்திறன், ஆறு சிலிண்டருக்கு 75 முதல் 100, சிறிய வகை எட்டுச் சிலிண்டருக்கு 140 வரை. 1993ஆம் ஆண்டு லைட்னிங் வண்டியின் 5.8 லிட்டர் இயந்திரம் 240 குதிரைத்திறன் உடையது. அதனோடு 100 சேர்ப்பதே ஐந்தில் இரு பங்குக்கு மேல் கூட்டுவதாகும். அவ்வளவில் தொடங்குதல் நன்று. சிறு துளையுடைய 'ஜெட்' என்னும் உறுப்பை மாற்றி ஆற்றலை எளிதிற் கூட்டலாம் என்பதே பலரை மயக்கும் வசதி. வாயு ஜெட்டும் எரிபொருள் ஜெட்டும் இணையாகக் கணக்கிடப்பட்டவை. ஒன்றை மட்டும் பெரிதாக்குவோன் தன் இயந்திரத்தை அழிக்கும் வழியைத் தானே திறக்கிறான். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிப் படித்த நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தின் நலத்தையும் முன்கூட்டியே ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தல் முதற்கடன். தேய்ந்த இயந்திரத்திற்கு நைட்ரஸ் மருந்தாகாது. அதன் நோயை அது விரைவுபடுத்தவே செய்யும். வாயு சேரும்போது எரிதல் விரைவதால், தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் ஏறத்தாழ 2 பாகை என்பது பொது வழக்கு. வெப்பத்தை விரைந்து கடத்தும் 'குளிர்ந்த' வகை ஸ்பார்க் பிளக்கும், ஆக்டேன் எண் மிகுந்த பெட்ரோலும் துணை நிற்கும்.

டீசல் பிக்கப்புகளின் நிலை வேறு. டீசல் இயந்திரத்திற்குக் கூடுதல் எரிபொருளைச் செலுத்தி எரியாத கரும்புகை எழும் நிலையில், எஞ்சிய எரிபொருளை எரிக்க நைட்ரஸ் உதவுகிறது. ஆதலின் அதற்கான அமைப்பில் பெரும்பாலும் வாயு மட்டுமே தெளிக்கப்படும். வெப்பமும் அழுத்தமும் உயர்வதால் எச்சரிக்கை அங்கும் குறையலாகாது.

பொருத்தும் முறை

தோம்பை எங்கே வைப்பது? பிக்கப்பில் இருவழி உண்டு: இருக்கைக்குப் பின்னால் வைக்கலாம், பின்புறச் சரக்குத் தட்டிலும் வைக்கலாம். இருக்கைக்குப் பின்னால் வைப்பதாயின், பிரீஸ்ட்லி கண்ட உண்மையை மறத்தலாகாது: இவ்வாயுவில் சுடர் எரியும், உயிர் நிலைக்காது. தோம்பின் அழுத்தம் மீறினால் ஏறத்தாழ 3000 பவுண்டு அளவில் கிழிந்து வாயுவை வெளியேற்றும் காப்புத் தகடு அதன் வால்வில் உண்டு. அவ்வாறு வெளியேறும் வாயு ஓட்டுநர் அறையை நிரப்பினால் அவர் மயங்குவார். எனவே அத்தகட்டிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே கொண்டு செல்லுதல் வேண்டும். ஹாட் ராட் சங்கத்தின் விதியும் இதனையே வலியுறுத்துகிறது.

தட்டில் வைத்தால் வெயில் எதிரியாகும். தோம்பின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 21 பாகை செல்சியசில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 760 பவுண்டு. 30 பாகையில் 900க்கு மேல். 36.4 பாகையைக் கடந்தால் அது நீர்மமாக நிற்பதே இல்லை. பின்னர் அழுத்தம் விரைந்து ஏறும். குறித்த எடைக்கு மேல் நிரப்பிய தோம்பில் வாயு விரிய இடமிராது. ஆதலின் நிரப்பும்போது தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். பத்துப் பவுண்டுத் தோம்பில் பத்துப் பவுண்டே அடங்கும். குளிர்நாளில் தோம்பைச் சூடேற்றத் தானே நிற்கும் கட்டுப்பாடுள்ள போர்வை வகைச் சூடேற்றியையே சங்கம் ஏற்கிறது. நெருப்புச் சுடரால் சூடேற்றுதல் உயிர்க்கேடு. தோம்பு 1800 பவுண்டு முத்திரை உடையதாகவும், உலோகப் பிடிகளால் வண்டியின் உடலோடு நிலையாகப் பிணைக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் கட்டாயம்.

படுத்த நிலையில் வைக்கும் தோம்பின் வால்வு வண்டியின் முன்புறம் நோக்கிச் சற்று உயர்ந்தும், பெயர்த்தாள் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். தோம்பினுள்ளே நீர்மத்தை உறிஞ்சும் குழாயின் வாய் அடிப்பகுதியின் பின்மூலையில் உள்ளது. வண்டி முன்னோக்கிப் பாயும்போது நீர்மம் பின்னே ஒதுங்கி அவ்வாயை மூடி நிற்கும். திருப்பி வைத்தால் நீர்மத்திற்குப் பதில் வாயு மட்டுமே செல்லும், கலவை நிலைகுலையும். எஃகுப் பின்னலிட்ட உயரழுத்தக் குழாயைப் புகைபோக்கி, மின்கம்பி, சுழலும் பாகங்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கிச் செலுத்த வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் இணைப்புகளில் படிதல் கூடாது. அழுத்தமுற்ற நைட்ரஸ் அவற்றைத் தீப்பற்றச் செய்யக்கூடும். கசிவைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும்.

இனி, அமைப்பு எப்போது இயங்க வேண்டும் என்பது. முதற்பொத்தான் திறந்திருந்தாலும் முடுக்கி மிதி முழுமையாக அழுந்தினாலன்றி வாயு வரலாகாது. அதற்கென ஒரு சிறு சுவிட்சு உண்டு. இயந்திரம் ஏறத்தாழ 3000 சுழற்சியைக் கடந்த பின்னரே வாயு தெளிய வேண்டும். மெல்லச் சுழலும் இயந்திரத்தில் தெளித்தால் கலவை காற்று வழியிலேயே தேங்கித் தீப்பற்றி வெடிக்கும். உச்ச வரம்பை எட்டுமுன் அது நிற்கவும் வேண்டும். எரிபொருள் அழுத்தம் தாழ்ந்தால் வாயுவை உடனே நிறுத்தும் காப்புச் சுவிட்சு மற்றொன்று. இவை யாவும் சில நூறு வெள்ளிக்குள் அடங்கும் சிறு கருவிகள். ஓர் இயந்திரத்தையும் ஓர் உயிரையும் காப்பவை.

சுமையற்ற பிக்கப்பில் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல் உள்ளது. திடீரெனப் பெருகும் விசை பின்சக்கரங்களை வழுக்கச் செய்யும். எனவே வண்டி நேராக ஓடத் தொடங்கிய பின்னரே வாயுவைத் திறத்தல் நன்று. டயரும் பிரேக்கும் புதிய வேகத்திற்கு ஏற்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். பொதுச்சாலை இதற்குரிய இடமன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமும் இதனைக் கட்டுப்படுத்துகிறது.

வரலாறு உணர்த்துவது

வண்டிக்கென விற்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடில் கந்தக டையாக்சைடு சிறிதளவு கலக்கப்படுகிறது. எவரும் அதனை முகராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. டேவியின் காலத்து விருந்து வேடிக்கை இன்னும் மறையவில்லை என்பதற்கு அதுவே சான்று. மிகுதியாக முகர்வது உடலின் பி12 உயிர்ச்சத்தைச் செயலிழக்கச் செய்து நரம்புகளைக் கெடுக்கும். இவ்வாயு பிறந்த பிரிட்டனிலேயே, போதைக்காக இதனை வைத்திருப்பது 2023 நவம்பரில் குற்றமாக்கப்பட்டது.

மருத்துவர் கையில் அளவு தவறியபோது நோயாளி கூவினார். விமானத்தில் அளவு தவறியபோது அது வீண்சுமையாயிற்று. வண்டியில் அளவு தவறினால் இயந்திரம் மட்டுமன்று, ஓட்டுநரும் அழியக்கூடும். வாயு மாறவில்லை; அதனைத் தாங்கும் கலனும் திறக்கும் கையுமே மாறின.

ஆசிரியப் பெருமக்கள் எரிதல் பற்றிய பாடத்தை நடத்தும்போது இவ்வரலாற்றையும் உடன் கூறலாம். விரைவை விரும்பும் இளைஞனிடம் விரைவு தீது என்று மட்டும் சொன்னால் அவன் செவி சாய்க்க மாட்டான். காப்புத் தகட்டிலிருந்து குழாய் ஏன் வெளியே செல்கிறது, தோம்பின் வால்வு ஏன் முன்னே பார்க்கிறது, ஜெட்டுகள் ஏன் இணையாக உள்ளன என்று காரணத்தோடு விளக்கினால் அவன் கேட்பான். காரணம் அறிந்து கைக்கொண்ட விதியை எவரும் காவலுக்கு நின்று காக்க வேண்டியதில்லை.